உள்ளே காசு கேட்காத போன் கேம் எது? மலேசியா, பத்தாங் பெர்ஜுந்தை பெற்றோர் இழை

தென்னமரம்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறை வருகிறது. வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன், இரண்டு பிள்ளைகள். பையன் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று. விளையாடவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. மழை பெய்தால் தோட்டத்துத் திடலில் கால் வைக்க முடியாது, பிள்ளைகள் எங்கே போவார்கள்? போனில் ஏதாவது விளையாடட்டும். ஆனால் உள்ளே காசு கேட்கிற கேம் மட்டும் வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் என் தங்கச்சி வீட்டில் நடந்தது. அவள் பையன் ஒரு கேமில் வைரம், அதாவது அந்தக் கேமுக்குள் மட்டும் செல்லுகிற காசு, வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறான். வங்கி அட்டை எதுவும் போனில் இல்லை. ப்ரீபெய்ட் சிம்மில் இருந்த காசிலேயே பிடித்துக்கொண்டது. ரீலோட் போட்ட மறுநாளே காசு காணோம் என்று கடைக்காரரிடம் அவள் சண்டைக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் அவர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர், டன் கணக்கில் சம்பளம். மழை மாதத்தில் குலை இறங்காவிட்டால் கைக்கு வருவதும் குறையும். அந்த நேரத்தில் பையன் வந்து "4 வெள்ளி 90 காசுதான்மா" என்று நின்றால் என்ன செய்வது? ஒவ்வொரு தடவையும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கவும் மனசு கேட்காது.

வீட்டில் லைன் சன்னல் பக்கம்தான் கிடைக்கும். அதனால் இணையம் இல்லாமல் ஓட வேண்டும். போனில் 32 ஜிபி, அதில் பாதியை வாட்ஸ்அப் தின்றுவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யுனிசெல்_மாணவி:
அக்கா, கேம் பெயருக்கு முன்னால் ப்ளே ஸ்டோரில் எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன், அது தெரிந்தால் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கேமின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வாசகங்கள் வரும். ஒன்று, விளம்பரம் உண்டு என்பது. இன்னொன்று, இன்-ஆப் பர்ச்சேஸ், அதாவது கேமுக்குள்ளேயே காசு கொடுத்து வாங்குவது, உண்டு என்பது. இரண்டும் இல்லை என்றால் அந்த கேம் உங்களுக்கு ஏற்றது.

ஆனால் அந்த இரண்டாவது வாசகத்தை மட்டும் பார்த்து முடிவு எடுத்தால் சில நல்ல கேம்களும் தவறிப்போகும். கேம் விவரப் பக்கத்தைத் திறந்து கீழே போங்கள். ஒரு பொருளுக்கு இத்தனை வெள்ளியிலிருந்து இத்தனை வெள்ளி வரை என்று போட்டிருக்கும். 3 வெள்ளியிலிருந்து 400 வெள்ளி வரை என்று இருந்தால் அது வைரம், நாணயம், பெட்டி விற்கிற கேம். ஒரே ஒரு விலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் முழு கேமையும் திறக்க ஒரு தடவை கட்டுவது, இல்லையென்றால் விளம்பரத்தை நீக்கக் கட்டுவது. 2016-இல் வந்த சூப்பர் மாரியோ ரன் அப்படித்தான். ஆரம்ப நிலைகள் இலவசம், அப்புறம் ஒரே தடவை கட்டினால் முழுசும் திறந்துவிடும். அதன் மேலேயும் அதே வாசகம்தான் ஒட்டியிருக்கும்.

கைப்பேசிக்கடை_அண்ணன்:
யுனிசெல் தங்கச்சி சொன்னது சரி. நான் டவுனில் கடை வைத்திருக்கிறேன். கேம் டாப் அப், அதாவது கேமுக்குள் செலவழிக்கக் காசு ஏற்றுவது, அதை விற்கிறவனும் நான்தான், அதனால் இதைத் தெரிந்தே சொல்கிறேன்.

அட்டை இல்லாவிட்டாலும் காசு போகும். கூகுள் ப்ளேயில் தொலைபேசிக் கணக்கு வழியாகக் கட்டுகிற வசதி இருக்கிறது. ப்ரீபெய்ட் என்றால் சிம்மில் இருக்கிற காசில் கழியும், போஸ்ட்பெய்ட் என்றால் மாதக் கடைசியில் பில்லில் வரும். டச் அண்ட் கோ இ-வாலட்டைச் சேர்த்திருந்தால் அதிலும் கழியும். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தை அழுத்தினால் கட்டண முறைகள் என்று ஒன்று வரும். அதற்குள் போய் எது எது சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள், வேண்டாததை நீக்குங்கள். அதே இடத்தில் அமைப்புக்குள் போனால், வாங்குவதற்கு முன் கடவுச்சொல் கேட்பதற்கு மூன்று தேர்வு இருக்கும்: எப்போதும் கேள், 30 நிமிடத்துக்கு ஒரு தடவை கேள், கேட்கவே வேண்டாம். நடுவில் இருக்கிறதை வைக்காதீர்கள். அம்மா ஒரு தடவை கடவுச்சொல் போட்டுக் கொடுத்தால் அடுத்த அரை மணி நேரம் பிள்ளைக்குக் கதவு திறந்தே கிடக்கும்.

யுனிசெல்_மாணவி:
அண்ணன் சொல்கிற மாதிரி கடவுச்சொல் போட்ட பிறகு கதவு திறந்து கிடந்ததற்காகவே அமெரிக்காவில் வழக்கு நடந்திருக்கிறது. 2014-இல் அங்குள்ள வர்த்தக ஆணையம் ஆப்பிளையும் கூகுளையும் பெற்றோருக்குப் பணத்தைத் திருப்பித் தர வைத்தது. ஆப்பிள் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர், கூகுள் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலர். ஆப்பிளில் கடவுச்சொல் போட்ட பிறகு 15 நிமிடம் வரை பிள்ளைகள் எதையும் வாங்க முடிந்தது, அது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

நைட்ஷிப்ட்_மில்:
எல்லாரும் டாப் அப் கேம் என்றாலே பேய் மாதிரிப் பேசுகிறீர்கள். நான் ஆலையில் வேலை, மொபைல் லெஜண்ட்ஸ் என்ற குழுச் சண்டை கேமைப் பல வருஷமாக ஆடுகிறேன். அதில் காசு கட்டினால் கிடைப்பது பெரும்பாலும் ஸ்கின், உடுப்பு மாதிரி. வீரர்களை ஆடி ஆடிச் சேர்க்கிற புள்ளியிலேயே வாங்கலாம். காசே கட்டாமல் மேலே போன ஆள்கள் நிறையப் பேர்.

இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள் அக்கா. படிவம் ஒன்று என்றால் அவள் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் ஆடுவார்கள். பஸ்ஸில், கேண்டீனில் அதே பேச்சு. நீங்கள் யாருக்கும் தெரியாத ஒரு புதிர் கேமைக் கொடுத்து உட்கார வைத்தால் பிள்ளை தனியாகிவிடும். சேர்ந்து ஆடுவதுதான் கேமில் பாதிச் சுகம்.

ஆசிரியை_பத்தாங்:
தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. பிள்ளைகள் சேர்ந்து பேச ஒரு பொது விஷயம் தேவை. ஆனால் ஸ்கின் வெறும் உடுப்புதானே என்பதை என்னால் ஏற்க முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு உடுப்புதான் எல்லாமே. என் வகுப்பில் எந்தப் பையனிடம் எந்த ஸ்கின் இருக்கிறது என்று எல்லாப் பையன்களுக்கும் தெரியும். இல்லாதவன் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

அந்தக் கேம்களில் விலை வெள்ளியில் எழுதியிருக்காது. வைரத்தில் எழுதியிருக்கும், வைரத்தை வெள்ளியில் விற்பார்கள். ஒரு பொருள் 60 வைரம் என்றால், விற்கிற கட்டு 50 ஆகவோ 100 ஆகவோ இருக்கும். 100 வாங்கினால் 40 மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனசு வராது, அதோடு சேர்க்க இன்னொரு கட்டு. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பளிச்சென்று புரிகிறது. கேமுக்குள் இருக்கும்போது யாருக்கும் புரிவதில்லை, பெரியவர்களுக்கும்தான். இதைப் பிள்ளையின் மனக்கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. ஃபோர்ட்நைட் என்ற கேமை நடத்துகிற எபிக் நிறுவனம் பொத்தான்களைக் குழப்பமாக வைத்து, தெரியாமல் அழுத்தினாலே காசு போகிற மாதிரி செய்ததற்காக 24 கோடியே 50 லட்சம் டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனம் ஆள்வைத்து யோசித்துச் செய்கிற வேலைக்கு எதிரே மூன்றாம் ஆண்டுப் பையனை நிறுத்திவிட்டு, நீ கட்டுப்பாடாக இரு என்றால் எப்படி?

இஜோக்_அப்பா:
எதற்கு இவ்வளவு பேச்சு? மோட் ஏபிகே, அதாவது யாரோ உடைத்து மாற்றிய கேம் ஃபைல், என்று தேடினால் எல்லா கேமும் முழுசாகத் திறந்தது கிடைக்கும். வைரம் எல்லையில்லாமல் வரும். பையனும் சந்தோஷம், காசும் மிச்சம்.

கைப்பேசிக்கடை_அண்ணன்:
அண்ணே, தயவுசெய்து வேண்டாம். அந்த ஃபைலை யார் உடைத்தார்கள், உள்ளே வேறு என்ன சேர்த்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. அதே போனில்தான் உங்கள் வங்கி ஆப்பும் இருக்கும், வங்கி அனுப்புகிற குறுஞ்செய்தியும் வரும். தெரியாத ஏபிகே போட்டு வங்கிக் கணக்கு காலியான கதை நம் நாட்டில் எத்தனை செய்தியாக வந்துவிட்டது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிற கேமை நானே என் கடைக்கு வந்த போனில் பார்த்திருக்கிறேன். கேமுக்கு எஸ்எம்எஸ் எதற்கு?

இஜோக்_அப்பா:
சரி, அது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் இலவசமாக நல்லது எதுவுமே இல்லையா?

யுனிசெல்_மாணவி:
இருக்கிறது அங்கிள், நிறையவே. எஃப்-டிராய்டு என்று ஒரு கிடங்கு 2010-லிருந்து நடக்கிறது. திறந்த மூல நிரல்கள் மட்டும்தான் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் நிரலைப் படித்துப் பார்க்கலாம், அந்த நிரலிலிருந்துதான் ஆப்பைக் கட்டித் தருகிறார்கள். விளம்பரமோ பின்தொடர்தலோ இருந்தால் அந்த ஆப்பின் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டுவிடுவார்கள். அதை நிறுவும்போது வெளியிலிருந்து வரும் ஆப் என்று போன் ஒரு தடவை கேட்கும். அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், வேறு எங்கிருந்தும் வேண்டாம்.

அக்காவுக்கு நான் முதலில் சொல்வது சைமன் டாத்தம் என்ற நிரலாளர் எழுதிய புதிர்த் தொகுப்பு. இது ப்ளே ஸ்டோரிலேயே கிடைக்கும். சுமார் 40 வகைப் புதிர் ஒரே ஆப்பில், சில எம்பிதான் இடம் பிடிக்கும். விளம்பரம் இல்லை, வாங்க ஒன்றும் இல்லை, லைனும் வேண்டாம். புதிரின் அளவையும் கடினத்தையும் நாமே மாற்றலாம். சுடோகு மாதிரி ஒன்று, கண்ணிவெடி தேடுகிற மாதிரி ஒன்று, துண்டுக் குழாய்களைத் திருப்பித் திருப்பி ஒன்றாக இணைக்கிற ஒன்று. அந்தக் குழாய்ப் புதிரைச் சின்ன அளவில் வைத்துக் கொடுங்கள், மூன்றாம் ஆண்டுப் பையன் விடமாட்டான். பார்க்க அழகாக இருக்காது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டப்பந்தயம் கேட்டால் சூப்பர்டக்ஸ்கார்ட். அதுவும் இலவசம், திறந்த மூலம். கொஞ்சம் இடம் பிடிக்கும், மிகப் பழைய போன் என்றால் திணறும்.

பழைய_தண்டல்:
பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டு வந்தேன். எனக்கு கேம் தெரியாது, பேரன்கள் ஆடுவதைப் பார்ப்பதோடு சரி. ஆனால் கடைக்காரத் தம்பி சொன்ன அந்த சிம் காசு விஷயம் எனக்குப் பழக்கமானது. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கடையில் துண்டில் எழுதி வாங்குவோம். சம்பளத்தன்று கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். காசு கையை விட்டுப் போவதை நாம் பார்க்கவே மாட்டோம், அதனால்தான் கடன் ஏறிக்கொண்டே போகும். இதுவும் அப்படித்தான் வேலை செய்கிறது. அந்த வசதியை முதலில் துண்டித்துவிடம்மா, கேம் எதுவாக இருந்தாலும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒரு கேமுக்கு முதலிலேயே 20 வெள்ளி கட்டி வாங்கச் சொல்கிறார்களே, இலவசமாக இத்தனை இருக்கும்போது அது எதற்கு?

தென்னமரம்_அம்மா:
ஐயா கேட்டதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். 20 வெள்ளி எங்களுக்குச் சின்னக் காசு இல்லை.

யுனிசெல்_மாணவி:
நியாயமான கேள்விதான் ஐயா. என் பக்கத்து விளக்கம் இது.

ஸ்டார்ட்யூ வேலி என்று ஒரு கேம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நிரல், படம், இசை எல்லாம் தானே செய்து 2016-இல் கணினிக்கு வெளியிட்டார். ஆண்ட்ராய்டுக்கு 2019-இல் வந்தது. ஏறக்குறைய 20 வெள்ளிதான், ஒரே தடவை. வாங்கின பிறகு உள்ளே விற்பதற்கு ஒன்றுமே கிடையாது. அதற்குப் பிறகு வந்த பெரிய புதுப்பிப்புகளுக்கும் காசு வாங்கவில்லை. ஒரு தாத்தா விட்டுப்போன தோட்டத்துக்குப் போய் விவசாயம் செய்வதுதான் கதை. முதல் நாள் ஊர்த் தலைவர் 15 கிழங்கு விதை கொடுப்பார். அதை நட்டு, தண்ணீர் ஊற்றி, விற்று, அடுத்த விதை வாங்கி அப்படியே வளர்த்துக்கொண்டு போகலாம்.

நான் இதைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. அதில் சக்திப் பட்டை ஒன்று உண்டு. மண்வெட்டி பிடித்தால் குறையும், தீர்ந்தால் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் தூங்க வேண்டும். இலவசப் பண்ணை கேம்களிலும் இதே மாதிரி சக்திப் பட்டை இருக்கும். அங்கே தீர்ந்தால் நாலு மணி நேரம் காத்திரு அல்லது காசு கட்டு என்று நிற்கும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஸ்டார்ட்யூவில் இன்று எதை முதலில் செய்யலாம் என்று பிள்ளையை யோசிக்க வைப்பதற்காக அந்தப் பட்டை இருக்கிறது. மற்றதில் பிள்ளையைப் பொறுமை இழக்க வைப்பதற்காக இருக்கிறது. ஏற்கனவே காசு வாங்கி முடித்தவருக்குப் பிள்ளையைத் தொந்தரவு செய்யத் தேவை இல்லை. நான் 20 வெள்ளி கட்டியது அந்தத் தொந்தரவு இல்லாததற்குத்தான்.

ஆசிரியை_பத்தாங்:
மிக நன்றாகச் சொன்னாய்மா. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அதில் ஒரு நாள் கிட்டத்தட்ட 14 நிமிடத்தில் முடியும். "இரண்டு நாள் ஆடிவிட்டுத் தூங்கப் போ" என்று வீட்டில் சொல்லலாம், பிள்ளைக்கும் அது நடுவில் பிடுங்கின மாதிரி இருக்காது. ஒரு குறை, தமிழிலும் மலாயிலும் அந்தக் கேம் இல்லை. ஆங்கிலம் படிக்க வேண்டும். படிவம் ஒன்றுக்குச் சரியாக இருக்கும், மூன்றாம் ஆண்டுக்கு அக்கா பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

கைப்பேசிக்கடை_அண்ணன்:
20 வெள்ளி பற்றி ஐயாவுக்கு இன்னொரு கணக்கு. கூகுளில் குடும்பக் குழு என்று ஒன்று உண்டு. அதில் ஆறு பேர் வரை சேரலாம். ஒருத்தர் காசு கொடுத்து வாங்கின கேமைப் பெரும்பாலும் மற்ற ஐந்து பேரும் தங்கள் போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் கேமுக்கு உள்ளே வாங்கின எதையும் அப்படிப் பகிர முடியாது. அண்ணன் வாங்கின வைரம் தம்பிக்கு வராது, தம்பிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது ஒன்றே போதும், எது மலிவு என்று தெரிந்துவிடும்.

காசு கொடுத்து வாங்கினாலே உள்ளே கேட்காது என்றும் நினைத்துவிடாதீர்கள். மைன்கிராஃப்டுக்கு முதலிலேயே காசு கட்ட வேண்டும், உள்ளே சந்தையும் இருக்கிறது, அதற்கு மைன்காயின் என்று தனி நாணயம். நல்ல கேம்தான், ஆனால் அக்கா கேட்ட வகையில் சேராது. அதனால் கட்டண கேம் பட்டியலில் இருந்தாலும் அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இஜோக்_அப்பா:
மைன்கிராஃப்ட் மாதிரி இலவசமாக ஒன்று இருக்கிறது என்று என் பையன் சொல்கிறான், லுவாண்டி என்று. அது எப்படி?

யுனிசெல்_மாணவி:
முன்பு மைன்டெஸ்ட் என்று இருந்தது, 2024-இல் பெயர் மாற்றினார்கள் அங்கிள். திறந்த மூலம், இலவசம், எஃப்-டிராய்டிலும் கிடைக்கும். அது தனி கேம் இல்லை, கேம்களை ஓட்டுகிற ஒரு மேடை. உள்ளே போய் ஏதாவது ஒரு கேமை இறக்கினால்தான் ஆட முடியும், அந்த ஒரு தடவை மட்டும் லைன் வேண்டும். பெரியவர்கள் முதலில் அமைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

நைட்ஷிப்ட்_மில்:
ஸ்டார்ட்யூ, புதிர் எல்லாம் சரி. சேர்ந்து ஆடுவது பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே.

யுனிசெல்_மாணவி:
வருகிறேன் அண்ணே. சூப்பர்டக்ஸ்கார்ட்டில் ஒரே வைஃபையில் இருக்கிற போன்கள் சேர்ந்து பந்தயம் ஓடலாம். ஒருத்தர் ஹாட்ஸ்பாட் போட்டால் மற்றவர்கள் அதில் சேர்ந்துகொள்ளலாம், வெளி இணையம் தேவையில்லை. வீட்டுக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆட அது போதும். வகுப்பு முழுக்க ஆடுகிற கேமுக்கு அது ஈடாகாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆசிரியை_பத்தாங்:
சதுரங்கம் இருக்கிறதே தம்பி. லிசெஸ் என்ற தளம், 2010-லிருந்து நன்கொடையில் நடக்கிறது, அதற்கு ஆப்பும் உண்டு. விளம்பரம் இல்லை, காசு கொடுத்தால் மட்டும் திறக்கிற பகுதி எதுவும் இல்லை. நன்கொடை கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே ஆட்டம்தான். எங்கள் பள்ளிச் சதுரங்கக் கழகப் பிள்ளைகள் சாயங்காலம் அதில்தான் ஒருத்தரோடு ஒருத்தர் மோதுகிறார்கள், மறுநாள் காலையில் வந்து யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்று ஒரே சத்தம். நீங்கள் சொல்கிற அந்தப் பேச்சு, அந்தச் சேர்க்கை இதிலும் வருகிறது, ஆனால் யாராவது ஒரு பெரியவர் முதலில் நாலு பேரைச் சேர்த்துவிட வேண்டும். தானாக வராது.

நைட்ஷிப்ட்_மில்:
அது சரி டீச்சர், நாலு பேரை யாராவது சேர்த்தால் நடக்கும். நான் மொபைல் லெஜண்ட்ஸை விடப் போவதில்லை, ஆனால் மூன்றாம் ஆண்டுப் பையனுக்கு நானும் அதைக் கொடுக்கமாட்டேன். எனக்கே ஒன்று சொல்லுங்கள், வேலைக்குப் போகிற பஸ்ஸில் லைன் கிடைக்காது.

யுனிசெல்_மாணவி:
ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன். குகைக்குள் இறங்கி இறங்கிப் போகிற கேம், செத்தால் முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் குகை வேறு மாதிரி இருக்கும். ப்ளே ஸ்டோரில் அதன் மேலேயும் இன்-ஆப் பர்ச்சேஸ் வாசகம் இருக்கும், பயந்துவிடாதீர்கள். அது செய்தவருக்கு விருப்பப்பட்டால் ஆதரவு கொடுக்கிற இடம். கொடுத்தால் வாளோ உயிரோ கிடைக்காது. எஃப்-டிராய்டில் எடுத்தால் அந்த வாசகமும் இருக்காது. ஒரு ஊரைப் பிடித்து நாடாக வளர்க்கிற மாதிரி வேண்டும் என்றால் அன்சிவ், அதுவும் இலவசம், விளம்பரம் இல்லை. எழுத்து நிறையப் படிக்க வேண்டும்.

பழைய_தண்டல்:
விளம்பரம் வருகிற கேம் பற்றி யாரும் பேசவில்லையே. காசு கேட்காது, விளம்பரம் மட்டும் வரும் என்றால் அதை விட்டுவிடலாமா?

கைப்பேசிக்கடை_அண்ணன்:
ஐயா, காசு மட்டும்தான் கவலை என்றால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அந்த விளம்பரம் பெரும்பாலும் இன்னொரு டாப் அப் கேமுக்குத்தான் வரும். மூடுகிற குறி நகக்கண் அளவுதான் இருக்கும், சின்னப் பிள்ளை அழுத்தினால் பக்கத்தில் பட்டு ப்ளே ஸ்டோர் திறந்துவிடும். இணையம் தேவையில்லாத கேம் என்றால் போனை விமானப் பயன்முறையில் போட்டுக் கொடுங்கள், விளம்பரம் ஏற வழியில்லை. தோட்டத்தில் லைன் இல்லாதது அந்த விஷயத்தில் நல்லதுதான்.

ஆசிரியை_பத்தாங்:
நான் விளம்பரத்தையும் காசு கேட்பதையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். பிள்ளை கேமுக்குள் போன பிறகு யாராவது அதனிடம் எதையாவது விற்றுக்கொண்டே இருந்தால், அந்தக் கேம் செய்யப்பட்டதே அதற்காகத்தான். விற்று முடித்துவிட்டு ஆட விடுகிற கேம் வேண்டும், அல்லது விற்கவே விரும்பாத ஆள் செய்த கேம் வேண்டும். இந்த இரண்டுக்குள் தேடினால் நமக்குப் போதுமான அளவு கிடைக்கும். மினி மெட்ரோ முதல் வகையில் நல்லது, நியூசிலாந்தில் ஒரு சின்னக் குழு செய்தது. ரயில் நிலையங்களைக் கோடு போட்டு இணைக்க வேண்டும், முதல் வரைபடம் லண்டன். எழுத்தே கிடையாது என்று சொல்லலாம், வட்டம் முக்கோணம் சதுரம்தான். மூன்றாம் ஆண்டுப் பையனும் ஆடுவான், அவன் அப்பாவும் ஆடுவார்.

இஜோக்_அப்பா:
என் தம்பி வீட்டில் ஐபோன். அதில் எப்படி அடைப்பது?

கைப்பேசிக்கடை_அண்ணன்:
அமைப்பில் திரை நேரம் என்ற பகுதிக்குப் போங்கள் அண்ணே. உள்ளடக்கக் கட்டுப்பாடுகளைத் திறந்தால் ஆப் ஸ்டோர் வாங்குதல் என்று வரும், அதற்குள் ஆப்பில் வாங்குவதை அனுமதிக்காதே என்று வைக்கலாம். தனிக் கடவுஎண் ஒன்றையும் போட்டுவிடுங்கள், போனைத் திறக்கிற எண்ணையே போடாதீர்கள், பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும். ஆப்பிள் ஆர்கேட் என்று மாதச் சந்தா ஒன்று உண்டு, 2019-இல் தொடங்கினது. அதில் இருக்கிற எந்தக் கேமிலும் விளம்பரமும் இல்லை, உள்ளே விற்பனையும் இல்லை, குடும்பத்தில் ஆறு பேர் வரை ஆடலாம். மினி மெட்ரோ செய்தவர்களின் அடுத்த கேம் மினி மோட்டார்வேஸ் அதில் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் கட்டுகிற வீடாக இருந்தால் அவர்களும் அதே மாதிரி கேம் தருகிறார்கள், தனிக்காசு இல்லை. ஆனால் மாதா மாதம் கட்டுகிற எதையும் நிறுத்தினால் கேமும் போய்விடும். ஒரே தடவை வாங்கினது அப்படி இல்லை, போன் மாற்றினாலும் அதே கணக்கில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

தங்கச்சி வீட்டுக்கும் ஒன்று சொல்லுங்கள் அக்கா. வாங்கி 48 மணி நேரத்துக்குள் இருந்தால் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு என்றால் கேம் நடத்துகிறவர்களுக்கு எழுத வேண்டும். பிள்ளை தெரியாமல் செய்தது என்று விவரமாக எழுதினால் தருகிறவர்களும் உண்டு.

தென்னமரம்_அம்மா:
இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. தங்கச்சிக்கு இப்போதே இதை அனுப்புகிறேன்.

நான் செய்யப் போவது இது. சிம் கட்டணத்தை இன்றே துண்டிக்கிறேன், கடவுச்சொல்லை எப்போதும் கேட்கிற மாதிரி வைக்கிறேன். பையனுக்கு சைமன் டாத்தம் புதிர்த் தொகுப்பும், போன் தாங்கினால் சூப்பர்டக்ஸ்கார்ட்டும். சம்பளம் வந்ததும் மகளுக்கு ஸ்டார்ட்யூ. எங்கள் கணக்கிலேயே வாங்கிக் குடும்பக் குழுவில் போட்டால் தங்கச்சி பையனையும் சேர்க்கலாமா அண்ணே? லிசெஸில் இரண்டு பேரையும் சேர்க்க ஆசை, ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையிடம் பேச முடியுமா என்பது ஒன்றுதான் தயக்கம்.

கைப்பேசிக்கடை_அண்ணன்:
அவனுக்குத் தனி கூகுள் கணக்கு இருந்தால் ஆறு பேருக்குள் சேர்க்கலாம் அக்கா. ஆனால் ஒருத்தர் ஒரு நேரத்தில் ஒரு குடும்பக் குழுவில்தான் இருக்க முடியும், தங்கச்சி தன் வீட்டுக்குத் தனியாக ஒன்று ஏற்கனவே வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழுவை நடத்துகிறவரின் கட்டண முறை மற்றவர்களுக்கும் பயன்படும், அதனால் பிள்ளைகள் எதை வாங்கினாலும் உங்கள் அனுமதி கேட்கும்படி வைத்துவிட்டுத்தான் அவனைச் சேர்க்க வேண்டும்.

ஆசிரியை_பத்தாங்:
லிசெஸில் சிறுவர் பயன்முறை இருக்கிறதும்மா. கணக்கு அமைப்புக்குள் போய் அதைப் போட்டுவிட்டால் அரட்டை, செய்தி எல்லாம் மறைந்துவிடும், ஆட்டம் மட்டும் இருக்கும். பிள்ளையின் சொந்தப் பெயரைப் பயனர் பெயராக வைக்காதீர்கள். கணக்குத் திறந்ததும் பயனர் பெயரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பிள்ளைகளைக் கழகக் குழுவில் சேர்த்துவிடுகிறேன். விடுமுறையிலும் சாயங்காலம் அங்கே ஆள் இருக்கும்.